மோட்டார் நின்று நின்று ஓடுதா? புதுசு வாங்கும் முன் காற்றைப் பாருங்க!

சென்னை,

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் பல வீடுகளுக்கு கிணறும் போரும்தான் கை கொடுக்கின்றன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, லாரிக்காக குடங்களுடன் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் குழாயில் நூல் மாதிரி வந்தால்? உடனே பெரிய மோட்டார் வாங்கி பலர் காசை இழக்கிறார்கள். பல நேரம் கோளாறு மோட்டாரிலேயே இருக்காது. கவனிக்க வேண்டியவை வருமாறு:-

உயரம்தான் வேகம்

மொட்டை மாடி டேங்கில் இருந்து வரும் தண்ணீருக்கு உயரம்தான் பலம். குழாய்க்கு மேலே 10 அடி உயரத்தில் தண்ணீர் இருந்தால் சுமார் 4 பவுண்டு அழுத்தம்தான் கிடைக்கும். அதனால்தான் கீழ் வீட்டில் கொட்டுகிற தண்ணீர், மேல் மாடி ஷவரில் சொட்டுகிறது.

ஒரே ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைவா? அதன் வாயில் உள்ள சல்லடையில் உப்பு படிந்திருக்கும். கழற்றி கழுவினாலே போதும்.

காற்று எவ்வளவு?

பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் சின்னதாக ஒரு டேங்க் இருக்கும். அதற்குள் ரப்பர் பை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் காற்று. காற்று இறங்கிவிட்டால், குழாயைத் திறந்ததும் மோட்டார் நொடிக்கு நொடி ஆன், ஆப் ஆகும். இப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் போய்விடும்.

மோட்டார் ஆன் ஆகும் அளவை விட 2 பவுண்டு குறைவாக காற்று இருக்க வேண்டும். 30 பவுண்டில் ஆன், 50 பவுண்டில் ஆப் என்றால், காற்று 28 பவுண்டு.

பார்ப்பது எப்படி?

* முதலில் மெயின் சுவிட்சை ஆப் செய்யுங்க.

* குழாயைத் திறந்து டேங்க் தண்ணீரை முழுசா வடிய விடுங்க. தண்ணீர் இருக்கும்போது பார்த்தால் கணக்கு தப்பாக வரும்.

* கார் டயருக்கு காற்று பார்க்கும் கேஜை வால்வில் வைத்துப் பாருங்க. குறைந்தால் அடிங்க.

* வால்வில் காற்றுக்கு பதில் தண்ணீர் வந்தால் பை கிழிந்துபோச்சு என்று அர்த்தம்.

6 மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது. சுவிட்ச் அளவை மாற்ற எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. கண்டபடி கூட்டினால் பழைய பைப் ஜாயிண்ட் தாங்காது.

யாரும் குழாயைத் திறக்காமலே மோட்டார் ஓடுகிறதா? எங்கோ ஒழுகுகிறது. முதலில் கக்கூஸ் பிளஷ் டேங்கைப் பாருங்க.

எச்.பி. கூட்டினால் ஏறாது

கிணற்று மேட்டில் வைக்கும் சாதாரண மோட்டார் சுமார் 25 அடி ஆழம் வரைதான் உறிஞ்சும். கோடையில் மட்டம் அதற்குக் கீழே இறங்கினால், எத்தனை எச்.பி. போட்டாலும் காற்றுதான் வரும். தண்ணீரில்லாமல் ஓடினால் சீல் கருகிவிடும்.

கடலோரப் பகுதிகளில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் தொட்டியை மழைக்கு முன்பே தூர் வாரி வைப்பதுதான் இதற்கு மருந்து.

உஷார்!

குடிநீர் வாரிய லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சாதீங்க. அது சட்டப்படி குற்றம். பைப்பில் விரிசல் இருந்தால் பக்கத்து சாக்கடையும் சேர்ந்து உங்கள் வீட்டுக் குடத்துக்குத்தான் வரும்.