பவுலின் கடிதங்களில் இன்னொரு குரல்

கொரிந்து நகரத்தார் சிலர் பவுலைப் பற்றிக் கூறிய குறையொன்று அவருடைய கடிதத்திலேயே பதிவாகியுள்ளது. கடிதங்கள் கனமானவை, ஆனால் நேரில் வந்தால் ஆளும் எளியவர், பேச்சும் எடுபடுவதில்லை என்பதே அது. தாம் சொல்வன்மை பயிலாதவர் என்று பவுலும் ஒருவாறு ஒப்புக்கொள்கிறார். எனினும், தம் இயலாமையைச் சொல்லி அவையோரை ஈர்ப்பது கிரேக்கப் பேச்சாளர்களின் பழைய உத்தி என்பதை நாம் மறத்தலாகாது.

கி.பி. 50களில் எழுந்த ரோமர் கடிதத்தைப் பவுல் தம் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. இறுதி அதிகாரத்தில் தம் பெயரைக் கூறி வாழ்த்தும் சொல்கிறார். இத்தகைய கடிதங்கள் சபையார் கூடியிருக்க உரக்க வாசிக்கப்பட்டன. வாயில் பிறந்து செவியை அடைந்த உரைக்கு ஏடு வெறும் வாகனமே.

எதிரே ஒருவர் நிற்பதாகக் கொண்டு, அவருடைய ஆட்சேபத்தைத் தாமே வினாவாக எழுப்பி, ‘மே கெனொய்தோ’ (ஒருபோதும் ஆகாது) என மறுத்து, பின்னர்க் காரணம் காட்டுவது பவுலின் வழக்கம். ரோமர் கடிதத்தில் மட்டும் இத்தொடர் 10 இடங்களில் வருகிறது. ஸ்தோயிக்க ஞானி எபிக்டெட்டஸின் உரைகளிலும் இதே தொடர் உண்டு. இந்நடையைத் தெருப் பிரசங்கிகளுடையது என 1910இல் ருடால்ஃப் புல்ட்மன் கருதினார். 1981இல் ஸ்டான்லி ஸ்டவர்ஸ் அதனை மாணவரைத் திருத்தும் ஆசானின் பாடசாலை நடை என்றார். நமக்குப் பின்னதே பொருத்தமாகப் படுகிறது. ‘நீ கேட்பாயாயின், நான் சொல்வேன்’ என்று நடக்கும் ஸமக்ஷரீயின் ‘கஷ்ஷாஃப்’ ஓதியவர்களுக்கு இதில் வியப்பிராது. இங்கே நாம் ஒப்புமையைச் சொல்கிறோமேயன்றி, கடன் வாங்கலைச் சொல்லவில்லை.

இடர் எங்கே எழுகிறது? பழைய கிரேக்கப் பிரதிகளில் மேற்கோள் குறிகள் இல்லை. வாசிப்பவரின் குரல் மாறுவதைக் கேட்டோர் உணர்ந்திருக்கலாம். மௌனமாகப் படிப்பவருக்கு அவ்வுதவி இல்லை. எல்லாம் அனுமதிக்கப்பட்டவை என்னும் கருத்து 1 கொரிந்தியரில் வருகிறது. அது கொரிந்தியரின் வாசகம் என்றும், பவுல் அதனை எடுத்துக்காட்டி வரம்பிடுகிறார் என்றும் அறிஞர் பலர் கொள்வர். விவாத மேடைகளில் அந்த ஒரு வரியை மட்டும் நறுக்கியெடுத்துப் பவுலின் போதனையாகக் காட்டுவோர் எதிராளியின் சொல்லையே அவர் தலையில் கட்டுகின்றனர்.

ரோமர் 7ஆம் அதிகாரத்தில், விரும்பும் நன்மையைச் செய்ய இயலாது தவிக்கும் ‘நான்’ யார் என்பது இதனினும் கடினமான வினா. பவுல் இன்னொருவராக நின்று பேசுகிறார் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கருதினார். அகஸ்டினோ, தம் பிற்காலத்தில், அது பவுலே என்றார். மனிதனின் விருப்பாற்றல் குறித்த மேற்குலகக் கிறித்தவச் சிந்தனையில் அகஸ்டினின் வாசிப்பே நெடுங்காலம் ஓங்கி நின்றது.