பாசறையும் பெருநகரமும்

மக்கள் இடம்பெயர்வது எக்காலத்தும் ஒரே தன்மையதன்று. நாட்டின் வளர்ச்சிப் படிகளுக்கேற்ப அதுவும் மாறும் என 1971இல் அறிஞர் வில்பர் செலின்ஸ்கி விளக்கினார். செகந்திராபாத்தை அடுத்த மல்காஜ்கிரி வட்டாரத்தில் நாம் இதனைக் காணலாம்.

நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் செகந்திராபாத் எனப் பெயர்பெற்ற பாசறைக்குச் சென்னைப் படையினருடன் நம்மவர் வந்தனர். 1874இல் இருப்புப்பாதை அவ்வூரை எட்டியது. 1967இல் அணுசக்தித் துறை நிறுவிய மின்னணுவியல் கழகம் போன்ற தொழிற்சாலைகள், பயிற்சி பெற்றோரைப் பல மாநிலங்களிலிருந்தும் ஈர்த்தன.

பின்னர், நகரின் நடுவே மனைவிலை ஏற, நகரத்தாரே புறநகரை நாடினர். 2007இல் மல்காஜ்கிரி நகராட்சி மாநகராட்சியுடன் இணைந்தது. 2019இல் மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியில் 30 லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்காளர் இருந்தனர். அப்போது இந்தியாவிலேயே அதுவே மிகப் பெரிய எண்ணிக்கை.

படையுடன் வந்தோர் ஓய்வுபெற்றபின் ஊர் திரும்பக்கூடும். வீடு கட்டிக் குடியமர்ந்தோர்க்கு இதுவே ஊர். ஆகவே, நம் மக்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பு இன்று நம் இல்லங்களையே சார்ந்தது.