தூண்டில் ரீலும் அதன் உதிரிப் பாகங்களும்

குடமுருட்டிக் கரையிலுள்ள வலங்கைமானைச் சுற்றிய ஊர்களில், மேட்டூரிலிருந்து திறந்த நீர் வாய்க்கால்களில் ஏறும் பருவத்தில் கரையோரம் காணப்படும் தூண்டில் பெரும்பாலும் மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, முள் என்னும் நான்கே உறுப்புகளால் ஆனது. அவற்றுள் எது பழுதானாலும் அடுத்தவர் தூண்டிலிலிருந்து எடுத்து முடிந்துகொள்ளலாம் என்பதால், ஓர் உறுப்பு மற்றொன்றோடு பொருந்துமா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. முள் மட்டுமே எண்ணால் அறியப்படுவது. 1832இல் தொடங்கி, 1877இல் முள் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய நார்வே நாட்டு மஸ்டாட் போன்ற நிறுவனங்களின் முட்களில் எண் ஏற ஏற முள் சிறுக்கும்; ஒன்றாம் எண்ணுக்குப் பெரியவை 1/0, 2/0 எனக் குறிக்கப்படும். ஒரு நிறுவனத்தின் ஆறாம் எண் முள்ளும் மற்றதன் ஆறாம் எண் முள்ளும் துல்லியமாக ஒத்திருப்பதில்லை எனினும், முடிச்சு எந்த வேறுபாட்டையும் பொறுத்துக்கொள்ளும். ரீல் அப்படிப் பொறுப்பதில்லை.

நரம்பைச் சுற்றிவைக்கும் கருவியான ரீல் இப்பகுதி ஆட்சியாளர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிமுகமாகியிருந்தது. இந்தியாவில் தூண்டிலிடுவதைப் பற்றி 1873இல் மங்களூரில் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்ட ஹென்றி சல்லிவன் தாமஸ், அந்தப் பத்தாண்டில் தஞ்சாவூர் கலெக்டராகவும் இருந்தவர். ஏரி, குளங்களில் மீன்பிடிப்பதற்கென்றே 1887இல் இன்னொரு நூலும் எழுதினார். அக்காலத்து ரீல், மரத்தாலோ பித்தளையாலோ ஆன ஓர் உருளை தன் அச்சில் சுழல்வது. பாகங்கள் குறைவு, அவையும் கைவினைஞர் அரத்தால் தேய்த்து ஒன்றுக்கொன்று இணக்கியவை. வலங்கைமானுக்கு அருகிலுள்ள நாச்சியார்கோயிலின் குத்துவிளக்கும் பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி எனத் தனித்தனியே வார்க்கப்பட்டு, கடைந்து, திருகு மரையால் பூட்டப்படுவதே. ஆனால் மரையின் கோணத்தையும் இடைவெளியையும் ஓர் அளவுக்குக் கட்டுப்படுத்தும் திட்டத்தை ஜோசப் விட்வொர்த் 1841இல் இங்கிலாந்தில் முன்வைத்த பின்னரே, ஒரு பட்டறையின் திருகு வேறொரு பட்டறையின் துளையில் ஏறும் என்ற நம்பிக்கை தொழிலுலகில் பரவத் தொடங்கியது.

ரீலின் வடிவத்தையே மாற்றியவர் பிராட்ஃபோர்டு நகரின் கம்பளி ஆலைத் தொழிலோடு தொடர்புடைய ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். ஆலையில் அசையாமல் நிற்கும் கண்டின் நுனி வழியே நூல் உருவப்படுவதைப் போல, 1905இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் நரம்பு சுற்றிய ஸ்பூல் சுழலாமல் நிற்க, கைப்பிடியைத் திருப்பும்போது அதைச் சுற்றிவரும் ஒரு கொக்கி நரம்பைச் சுற்றியது. இன்று ஸ்பின்னிங் ரீல் எனப்படுவது இதன் வழித்தோன்றலே. எறிவது எளிதாயிற்று, விலையாகப் பற்சக்கரங்களும் வில்கம்பிகளும் பெருகின.

அவற்றை ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்யும் திறன் கடிகார ஊர்களில் இருந்தது. 1848 முதல் கடிகாரத் தொழிற்பள்ளி இயங்கிய பிரான்சின் குளூஸ் நகரில் கார்ப்பானோ ஏ போன்ஸ் நிறுவனம் தயாரித்த மிட்செல் ரீல், இரண்டாம் உலகப்போருக்குப் பின் கடல்தாண்டிப் பரவியது. அதன் 300ஆம் எண் ரீலில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்பூல் கழன்றுவிடும் என்பதால், மெல்லிய நரம்பு ஒன்றிலும் தடித்த நரம்பு மற்றொன்றிலுமாகச் சுற்றி வைத்து மாற்றிக்கொள்ளலாம். வேகமாகச் சுற்றும் 400ஆம் எண் ரீலுக்கும் அதே ஸ்பூல் பொருந்தியது. மாற்றுப் பாகம் என்பது பழுதுக்கு மட்டுமானதன்று என்பதை மீன்பிடிப்பவருக்குக் காட்டிய வசதி இது.

அடுத்த கட்டம் சைக்கிளிலிருந்து வந்தது. 1921இல் ஜப்பானின் சகாய் நகரில் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கிய ஷிமானோ, 1970இல் மீன்பிடிக் கருவிகளுக்குத் தனிப் பிரிவு அமைத்தது. இந்நிறுவனத்தின் அளவெண்கள் பலரைக் குழப்புவன: C3000 என்றால் 2500 அளவு உடலில் 3000 அளவு ஸ்பூல் என்பதே பொருள், ஆகவே ஒரே வகையைச் சேர்ந்த 2500க்கும் C3000க்கும் ஸ்பூலை மாற்றலாம், வெறும் 3000 என்றிருப்பதை நம்பி வாங்கினால் ஏமாற நேரலாம். 2018இல் மற்றொரு ரீல் நிறுவனமான டைவா தன் எல்டி வரிசைக்காக அளவெண்களையே மாற்றியமைத்ததால், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே உடலளவைக் குறிப்பதில்லை. கைப்பிடியிலும் இரு மரபுகள் உண்டு. ஒன்றில் அறுகோணத் தண்டு உடலை ஊடுருவி மறுபுறம் திருகால் இறுகும். மற்றதில் கைப்பிடியே நேராகப் பற்சக்கரத்தில் மரையால் ஏறும். சுற்றச் சுற்ற இறுகவேண்டும் என்பதற்காக, இந்த இரண்டாம் வகையில் ஒரு பக்கம் வலமரையும் எதிர்ப்பக்கம் இடமரையுமாக வெட்டியிருப்பார்கள். இவ்விரு மரபுகளுக்கிடையே கைப்பிடியை மாற்ற இயலாது.

உண்மையில் எல்லாருக்கும் பொதுவான பாகம், எந்த ரீல் நிறுவனமும் தனதென்று உரிமை கொண்டாடாத பேரிங்தான். உள் விட்டம் 7 மி.மீ., வெளி விட்டம் 11 மி.மீ., தடிமன் 3 மி.மீ. என்ற அளவுள்ள பேரிங் பல ரீல்களில் இருப்பது. அளவைச் சொன்னால் பேரிங் கடையிலேயே கிடைக்கக்கூடியது. இதற்கு நேரெதிர் கைப்பிடியோடு சுழலும் பெரிய பற்சக்கரமும் அதனோடு கடிக்கும் சிறிய பினியனும். இவை இணையாகத் தேய்ந்து பழகுபவை என்பதாலும், இடையிலுள்ள மெல்லிய வாஷர்களின் தடிமனே கடிப்பின் ஆழத்தைத் தீர்மானிப்பதாலும், அதே எண்ணுள்ள வேறொரு ரீலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் பொருத்தினால் சக்கரம் சுழலும், ஆனால் கரகரக்கும்.