தட்டில்லாத முகாமும் டர்பன் ரொட்டியும்

"பழைய முகாம் ஞாபகம் ஏதாவது எழுதுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டதும் என் மனத்தில் வந்து நின்றது, ஏலகிரியில் நடந்த நாட்டு நலப்பணித் திட்ட முகாம்தான். உடன் வந்த நண்பர்களுக்கு அந்த முதல் இரவு மறந்திருக்காது. அண்டா வந்தது, அடுப்பு வந்தது. தட்டு மூட்டை மட்டும் மலையடிவாரத்திலேயே தங்கிவிட்டது. நாற்பது பேர், அகோரப் பசி. சமையல்கார பாய் அசரவில்லை. "காலை டீக்கு வாங்கின முழு ரொட்டி இருக்குல்ல தம்பி? பாதியா அறுத்து, நடுவுல குடைஞ்சு, குருமாவ ஊத்திக் குடுங்க" என்றார். அன்று சாப்பிட்ட ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

இது நம்ம கண்டுபிடிப்பு என்றே பல வருஷம் பெருமையடித்தேன். பிறகுதான் தெரிந்தது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இதற்கு 'பன்னி சௌ' என்று பெயரே இருக்கிறது. அந்தக் கதையில் நம் மாவட்டத்துக்கும் பங்குண்டு.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. 1911 வரை இப்படிச் சென்றவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அவர்களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தார் ஏராளம். கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். 1876–78 பஞ்சத்தைக் கண்ட மண்ணிலிருந்து கிளம்பியவர்களுக்கு அதுவும் ஒரு வழியாகத் தெரிந்தது. ஒப்பந்தம் முடிந்தும் பலர் ஊர் திரும்பவில்லை.

அவர்களுடைய குழம்பும் வெள்ளைக்காரன் ரொட்டியும் சேர்ந்ததுதான் பன்னி சௌ. 1940களில் டர்பன் கிரே தெரு உணவுக்கடைகளில் இது பிரபலமாகியது. 'பனியா' என்ற வணிகர் பெயரே 'பன்னி' ஆயிற்று என்பார்கள். நிறபேதம் நிலவிய அந்நாளில் கறுப்பின மக்கள் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஆகவே தட்டில்லாமல் வெளியே எடுத்துப்போகும்படி, ரொட்டியையே பாத்திரமாக்கிக் கொடுத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். எங்களுக்குத் தட்டு வந்து சேரவில்லை. அவர்களுக்கோ தட்டு மறுக்கப்பட்டது. அதைப் படித்த பிறகு என் பெருமையெல்லாம் அடங்கிவிட்டது. தனிக் குவளை வைத்த தேநீர்க் கடைகள் நம் பக்கத்திலும் இருந்தனவே! நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்தது. ரொட்டி நிலைத்தது, இப்போது எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

இன்றைய மாணவர்களுக்காகச் செய்முறையும் சொல்கிறேன். நாற்பது பேருக்கு, துண்டு போடாத 400 கிராம் ரொட்டி இருபது. உலர்ந்த மொச்சை நான்கு கிலோவை முதல் நாள் இரவே ஊறவைத்து வேகவையுங்கள். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மசாலா வதக்கி, மொச்சையோடு மூன்று கிலோ உருளைக்கிழங்கும் சேருங்கள். பாதிக் கிழங்கை மசித்துவிட்டால் குழம்பு கெட்டியாகும். தண்ணியாக இருந்தால் ரொட்டி ஊறிக் கிழிந்துவிடும். ரொட்டியைக் குறுக்கே இரண்டாக்கி, அடியும் சுவரும் ஒரு விரல் கனம் நிற்கும்படி குடையுங்கள். சாப்பிடும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். குடைந்தெடுத்த பகுதியை மேலே மூடி வையுங்கள். அதுதான் தொட்டுச் சாப்பிட.

அடுத்த முகாமில் செய்து பாருங்கள் தம்பி, தங்கைகளே! ஆனால் பாதி ரொட்டியைக் கையில் வாங்கும்போது, கப்பலேறிப்போன நம்மூர்க்காரர்களையும் கடை வாசலில் நின்றவர்களையும் ஒரு நிமிஷம் நினையுங்கள். பிறகு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.