திசைகாட்டி காட்டும் வடக்கு

உங்க தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கதையைக் கேட்டிருப்பீர்கள். திசைகாட்டி முள் காட்டுவது உண்மை வடக்கா? இல்லீங்க, காந்த வடக்கு! அதுவோ ஓரிடத்தில் நிற்காது. 1831இல் ஜேம்ஸ் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்ட காந்த முனை, இப்போது சைபீரியாப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

லண்டனில் 1580இல் கிழக்கே 11 பாகை சாய்ந்திருந்த முள், 1820 வாக்கில் மேற்கே 24 பாகை சாய்ந்தது! ஒரு பாகை பிசகினாலே 60 மைலுக்கு ஒரு மைல் வழி தவறும். பழைய கணக்கை நம்பிய மாலுமியின் கதி என்ன?

இந்த மாற்றங்களை அறியவே மதராஸ் பொறியாளர் படையின் கேப்டன் எலியட், 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் காந்த ஆய்வுக்கூடம் நடத்தினார். 2019இல் முனை வேகமாக நகர்ந்ததால், உலகக் காந்த வரைமாதிரியை ஐந்தாண்டுத் தவணைக்கு முன்பே திருத்தினார்கள்.

நம் சிலிபினில் விலகல் ஒரு பாகைகூட இல்லை. சாரணர்கள் கவலைப்பட வேண்டாம். இரும்புக் கம்பத்தருகே மட்டும் முள்ளை நம்பிடாதீங்க!