ஹாட் பிளக், கோல்ட் பிளக்: எண் தலைகீழான கதை

என்.ஜி.கே. ஸ்பார்க் பிளக்கில் எண் கூடினால் 'கோல்ட்'. இன்றைய பாஷ் பிளக்கில் எண் கூடினால் 'ஹாட்'. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பழைய பாஷ் பிளக்குகளில் 175, 225 என்றெல்லாம் எண் இருக்கும். சோதனை இன்ஜினில் பிளக்கின் நுனி கனன்று, பொறி வராமலே கலவையைப் பற்றவைக்கும் வரை எவ்வளவு நேரம் தாங்குது என்பதுதான் கணக்கு. நிறைய தாங்கினால் கோல்ட். பிறகு ஒற்றை இலக்கத்துக்கு மாறினார்கள். 175 இருந்த இடத்தில் 7, 225 இருந்த இடத்தில் 5. வரிசையே தலைகீழ்!

பொறியின் வலிமைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. நுனிப் பீங்கான் நீளமாக இருந்தால் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி படியும். 800-ஐத் தாண்டி ஏறிக்கிட்டே போனால் கலவை முன்கூட்டியே பற்றி, பிஸ்டன் ஓட்டையாகலாம்.

1930-களின் கிராண்ட் பிரீ கார்களில் ஒரே பிளக்கால் இரண்டையும் சமாளிக்க முடியலை. ஹாட் பிளக் போட்டு இன்ஜினைச் சூடாக்கி, பந்தயத்துக்கு முன்னால் அத்தனையையும் கழற்றிவிட்டு கோல்ட் மாட்டுவார்கள். பாவம் மெக்கானிக்குகள்.

நம்ம காரில் ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும் மாற்றியிருந்தால், கம்பெனி சொன்ன பிளக்கே போதும். கம்ப்ரஷனையோ டர்போ பூஸ்ட்டையோ கூட்டியிருந்தால் ஒரு படி கோல்ட். என்.ஜி.கே. என்றால் 6-லிருந்து 7. அதே பழக்கத்தில் பாஷிலும் 7 கேட்டு வாங்கினால், ஏற்கெனவே கொதிக்கிற இன்ஜினுக்கு ஒரு படி ஹாட் பிளக் மாட்டியிருப்பீங்க.