ஜாதிக்காய் அளவு சர்க்கரை

வீட்டில் பீர் வடிப்பவர்கள், நொதித்து அடங்கிய பீரைப் புட்டியில் அடைக்கும் நாளில் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். இனிப்புக்காக அல்ல. பீரில் மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். மூடி இறுகியிருப்பதால் போக வழியில்லாத வாயு பீரிலேயே கரையும். திறக்கும்போது நுரையாகப் பொங்கும். சர்க்கரை குறைந்தால் பீர் சப்பென்றிருக்கும், கூடினால் புட்டி வெடிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள அளவை, ஈஸ்ட் ஓர் உயிர் என்பதே தெரியாத 17-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்துக்காரர்கள் கண்டு வைத்திருந்தார்கள்.

புட்டி பீரின் தொடக்கம் பற்றி அங்கே ஒரு பழங்கதை உண்டு. முதலாம் எலிசபெத் காலத்தில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர் அலெக்சாண்டர் நோவெல். தூண்டில் போடப் போன இடத்தில் ஏல் என்ற பீர் ஒரு புட்டியைப் புல்லில் விட்டுவிட்டு வந்தார். சில நாள் கழித்து எடுத்துத் திறந்தால், துப்பாக்கி சுட்டதுபோல் சத்தம். 1662-இல் வெளியான தாமஸ் ஃபுல்லரின் நூலில் இது பதிவாகியிருக்கிறது. கதை எவ்வளவு உண்மையோ, அதன் வேதியியல் பிசகவில்லை: நொதித்து முடியாத ஏலில் மிஞ்சிய சர்க்கரை புட்டிக்குள் வேலை செய்திருக்க வேண்டும். 1615-இல் இல்லத்தரசிகளுக்காக எழுதிய ஜெர்வாஸ் மார்க்கம், ஏல் புட்டியின் தக்கையைக் கெட்டி நூலால் கட்டி, குளிர்ந்த நிலவறை மணலில் புட்டியை இடுப்பளவு புதைக்கச் சொன்னார். உள்ளே அழுத்தம் ஏறும் என்று அறிந்தவரின் யோசனை அது.

ஆனால் புட்டி தாங்க வேண்டுமே? அதே 1615-இல், கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று, கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதை மன்னர் முதலாம் ஜேம்ஸ் தடை செய்தார். உலைகள் நிலக்கரிக்கு மாறின, வெப்பம் கூடியது, கறுத்த தடித்த புட்டிகள் வந்தன. கெனல்ம் டிக்பி என்ற ஆங்கிலேயரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுபவை இவை. கடற்படைக்காகப் போட்ட ஓர் ஆணைதான் நுரைக்கும் பானங்களுக்கு வழிவிட்டது.

பிறகு சர்க்கரை. 1662 டிசம்பர் 10 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் ஆப்பிள் மதுவான சைடர் பற்றி ஜான் பீல் என்ற பாதிரியார் எழுதிய கட்டுரை முன்வைக்கப்பட்டது. புட்டிக்கு ஓர் அக்ரூட் அளவு சர்க்கரை என்றார் அவர். ஒரு வாரம் கழித்து, 17-ஆம் தேதி, மருத்துவர் கிறிஸ்டோபர் மெரெட் அதே சபையில், ஒயின் வணிகர்கள் சர்க்கரையும் மொலாசஸும் கலந்து ஒயினைத் துடிப்பாக்குகிறார்கள் என்று தெரிவித்தார். 1664-இல் ஜான் ஈவ்லின் வெளியிட்ட 'பொமோனா' என்ற சைடர் நூலில் பால் நீல் என்பவர் இன்னும் சிக்கனமாக, சிறு ஜாதிக்காய் அளவு போதும் என்றார்.

இந்தச் சிக்கனத்தில் அனுபவம் இருக்கிறது. ஜாதிக்காய் அளவுக் கட்டி ஏறக்குறைய 5 கிராம் தேறும். இன்று வீட்டு பீருக்கு லிட்டருக்கு 6 கிராம் என்பது சாதாரணக் கணக்கு. அக்ரூட் அளவோ அதைப்போல் சில மடங்கு. பல புட்டிகளை அது உடைத்திருக்கும். நாவையும் உடைந்த புட்டிகளையும் வைத்தே சரியான அளவுக்கு வந்து சேர்ந்த இந்த மனிதர்களுக்கு வரலாறு போதிய மரியாதை தரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பெரிய அளவில் வடித்தவர்களின் கதை வேறு. 1816-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டிஷ் பீர் ஆலைகள் மால்ட்டும் ஹாப்பும் தவிர வேறெதையும் தொடக் கூடாது. சர்க்கரைக்கு 1847-இல்தான் அனுமதி கிடைத்தது. பிரான்ஸின் ஷாம்பெய்ன் வட்டாரத்திலோ நிலவறைகளில் ஒயின் புட்டிகள் வரிசை வரிசையாக வெடித்துக்கொண்டிருந்தன. ஷாலோன் நகர மருந்தாளர் ஃபிரான்சுவா 1830-களில் ஒயினில் ஏற்கெனவே உள்ள சர்க்கரையை அளக்கும் வழியைக் கொடுத்த பிறகே, எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்குப் போட முடிந்தது. ஈஸ்ட்டின் வேலையை லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கும் பிறகு, 1857 முதல்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. மளிகைக் கடையில் மால்ட் பாகு வாங்கி, நிலவறையில் ரகசியமாக பீர் வடித்தார்கள். அவசரமும் தவறான அளவும் சேர்ந்து, இரவில் புட்டி வெடிக்கும் சத்தமே வீட்டைக் காட்டிக்கொடுத்தது. விலக்கு நீங்கியும் வீட்டு பீர் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகே, 1979 பிப்ரவரியிலிருந்து, வழி பிறந்தது. பிரிட்டனில் வீட்டு பீருக்கு 1880 முதல் இருந்த உரிமக் கட்டாயத்தை 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங் நீக்கினார். வீடுகளில் பைன்ட் புட்டிக்கு அரைத் தேக்கரண்டி என்ற கணக்கு பரவியது. 1984-இல் அமெரிக்கரான சார்லி பபாசியனின் வீட்டு பீர் நூல் 5 காலனுக்கு முக்கால் கோப்பை சோளச் சர்க்கரை என்றது.

கோப்பையும் கரண்டியும் ஆளுக்கு ஆள் மாறும். குவித்து அள்ளினால் ஒரு கணக்கு, தட்டி அள்ளினால் வேறு. பழைய அளவுகளின் குறை அதுதான். வடிப்பவர் யாராயினும் சர்க்கரையைத் தராசில் நிறுத்தே போட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கென்று செய்த மெல்லிய புட்டிகளில் பீரை அடைக்கவே கூடாது.